உன் பேரரசும் என் தலைப்பாகையும்

கண்ணு,

உன் கதையை முழுக்கப் படித்துவிட்டேன். போன் திரையில் படித்தால் கண் எரிகிறது என்று செம்மேட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். கட்டின் கனத்தைப் பார்த்துக் கடைக்காரர், "ஏனுங்க, கோர்ட்டுக் கேஸுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஒரு பேரரசு மேல கேஸு. நாந்தான் ஜட்ஜு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஊர்க்கவுண்டர் பதவியில் இருப்பவன் தமாஷ் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. இதில் வேறு உள்குத்து இருக்குமோ என்று யோசிக்கிறார்கள்.

ஊர்க்கூட்டம் நடந்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அம்மா போனையும் எடுப்பதில்லை. ஆனால் நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு நீ இன்னும் வெளியேறவில்லை என்று உன் தங்கச்சி சொன்னாள். அதனால் இதை அந்தக் குரூப்பில் போடச் சொல்லி அவளிடமே கொடுக்கிறேன். ஊரே படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. வெளியே பெண் கட்டியதற்காக உன்னை ஊர் தள்ளி வைத்திருக்கிறது என்று நானே எழுந்து நின்று, உன் பேரைச் சொல்லி அறிவித்தேன் என்று உனக்குச் செய்தி வந்திருக்கிறது. செய்தி உண்மை. யாரும் கயிறு திரிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்கான பதில் பாக்கி நிற்கிறது. வரிசைப்படி போவோம்.

நீ சென்னையில் கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கிற கம்பெனியில் கதை எழுதுகிறாய் என்பது இந்தக் குரூப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏதோ டைப் அடிக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். உன் கதையில் வானத்திலுள்ள நட்சத்திரம், கிரகம் எல்லாவற்றையும் ஒரே பேரரசன் ஆள்கிறான். அவனிடம் இரண்டு கறாரான சட்டங்கள் இருக்கின்றன. போரில் பின்வாங்குகிற தளபதியை அங்கேயே சுட்டுவிட வேண்டும், இது ஒன்று. மற்றது வேற்றுக்கிரகத்தாரைப் பற்றியது. அவர்களுக்கு வாய் கிடையாது. உடம்பிலிருந்து விதவிதமாக வாசனை விட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்கு எந்தக் கிரகமாவது அடைக்கலம் கொடுத்தால், அந்தக் கிரகத்துக்குக் காற்று போகிற குழாயை மூடிவிட வேண்டும். உன் ஆபீஸில் இதைப் பற்றிப் பெரிய சண்டை. பாதிப் பேர் இது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். நீயோ, பேரரசன் இருக்கிற இருப்பில் இதுதான் புத்திசாலித்தனம் என்கிறாய். "நல்லது கெட்டது வேண்டாம்ப்பா. லாஜிக் உக்காருதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டாய்.

முதலில் ராணுவம். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, சிரிக்காதே. நீ பிறப்பதற்கு முன் நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். அந்த முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். பிரேக் சரியில்லை, டயர் சரியில்லை என்று எந்த டிரைவராவது சொல்லி ஒரு ட்ரிப் நின்றுபோனால், அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார். இரண்டு பேரை அப்படி நிறுத்திய பிறகு எங்கள் வண்டிக்கு நோய்நொடியே வரவில்லை. காலையில் முதலாளி ஷெட்டில் நின்று "வண்டி எப்படி இருக்குது?" என்று கேட்பார். "நல்லா இருக்குதுங்க" என்று எல்லோரும் ஒரே ராகத்தில் சொல்வோம். ஒரு நாள் மலை இறங்கும்போது, பாதி வளைவுகள் தாண்டியதும் பிரேக் மிதி காலோடு போய்விட்டது. டிரைவர் ராமசாமி கெட்டிக்காரர். வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மேட்டுப் பக்கம் மண்ணில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே கட்டியிருந்த மிளகு மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் உருண்டது, யாரோ கொண்டுவந்த கோழிகள் கூடை திறந்து காட்டுக்குள் ஓடின. முதலாளி வந்து, "முன்னாடியே ஏன்டா சொல்லல?" என்று கத்தினார். ராமசாமி சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சொன்னா வேலை போயிரும். சொல்லாட்டி உசுருதானுங்க போகும். வேலை இருந்தா ஊட்ல ஒலையாச்சும் கொதிக்குமுங்க."

இதை நினைத்துக்கொண்டுதான் உன் ஐந்தாவது அத்தியாயத்தைப் படித்தேன். தோற்றுப்போன தளபதி அரண்மனைக்கு வந்து, "நான் தோற்றேன், சுடுங்கள்" என்று நெஞ்சைக் காட்டி நிற்கிறான். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒருத்தன் வரமாட்டான், கண்ணு. ஜெயித்துவிட்டேன் என்று செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே எங்காவது பதுங்கிக்கொள்வான். பேரரசன் மேஜையில் வெற்றிச் செய்தியாகக் குவிந்து கிடக்கும், எதிரி வாசலில் நின்று கதவைத் தட்டுவான். பயந்தவன் மூர்க்கமாகச் சண்டை போடுவான் என்று எழுதியிருக்கிறாய். போடுவான், முதல் நாள். அப்புறம் அவன் புத்தியெல்லாம் எதிரியை விட்டுவிட்டு மேலதிகாரியைச் சமாளிப்பதில் போய்விடும். ஆகவே முதல் சட்டம் உட்காரவில்லை. உன் ஆபீஸ்காரர்கள் சொல்வதுதான் சரி.

இரண்டாவது சட்டத்தையும் இதேபோல் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. நீ அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாய். முன்பு ஒரு கிரகத்தார் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார்கள், வந்தவர்கள் உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட்டார்கள், தலைநகரம் சாம்பலானது. அந்தச் சாம்பலைப் பார்த்தவன் எழுதிய சட்டம் இது. நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. எனக்கு இரண்டு தலைமுறை முந்தி, மலைக்குக் கீழிருந்து உப்பும் துணியும் கொண்டுவந்து விற்ற ஒருவருக்கு நம்பிப் பெண் கொடுத்தார்கள். ஓடையோரம் இருந்த நல்ல நிலமெல்லாம் மெதுவாக அவர் பேருக்குப் போனது. ஒரு நாள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். இன்றைக்கும் அந்த இடத்தில் யாரோ முகம் தெரியாதவர்கள் கட்டிய லாட்ஜ் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் வெளியே கொடுப்பதில்லை, எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு வந்தது. அதைப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை, ஏமாந்தவர்கள். அவர்கள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், உன் பேரரசனின் பயத்தையும்தான்.

ஆனாலும் ஓரிடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு கிரகத்தின் காற்றை அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, உன் பேரரசன் உட்கார்ந்து ஒரு பழத்தைத் தோல் சீவிச் சாப்பிடுகிறான். பழத்தை ரொம்ப ரசித்து எழுதியிருக்கிறாய், சாறு விரலில் வழிவது வரைக்கும். அவ்வளவு பேர் மூச்சை நிறுத்தியதில் அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடக் குறையவில்லை. இப்படி ஒரு சட்டத்தை அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் போடுவான். போட்டுக்கொண்டே இருப்பான். முடிவில் காற்று அடைக்கக் கிரகம் மிஞ்சாது. கோளாறு சட்டத்தின் கடுமையில் இல்லை, அந்தப் பழத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர்ச் சட்டத்தில் அந்தப் பழம் கிடையாது. மருமகள் மெர்சிக்கு இது தெரியாது, அவளுக்காக விவரமாகச் சொல்கிறேன், நீ படித்துக் காட்டு. ஒருவரைத் தள்ளி வைத்தால் அவர் காடுகழனி வேலைக்கு ஊரார் போகமாட்டார்கள், அவரைத் தங்கள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், கோயிலில் பங்கு கிடையாது, குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுக்கமாட்டார்கள். அது அவருக்கான தண்டனை. ஆனால் அதை அறிவிக்கிற ஊர்க்கவுண்டருக்கும் ஒன்று உண்டு. பேரைச் சொன்ன அந்த இடத்திலேயே அவர் தன் தலைப்பாகையை அவிழ்த்துவிட வேண்டும். தள்ளி வைக்கப்பட்டவர் திரும்பி வருகிறவரைக்கும் அவர் தலையில் துண்டு, துணி எதுவும் படக்கூடாது. தலைப்பாகை இல்லாத கவுண்டர் காப்புக் கட்டமுடியாது, காப்புக் கட்டாமல் ஊரில் நோம்பி சாட்டமுடியாது, அதாவது திருவிழாவே கிடையாது. வருகிறவர் ஊர் எல்லைக் கல்லுக்கு வந்து நிற்க வேண்டும். கவுண்டர் வெறுந்தலையோடு ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், தான் ஒரு வாய் குடித்துவிட்டு அவருக்குக் கொடுக்க வேண்டும். அவரோடு கூட யார் நின்றாலும் அவர்களையும் விடாமல் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டால் தீர்ந்தது. அங்கேயே தலைப்பாகை கட்டிவிடுவார்கள்.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம், கோயில் தோப்பு மரத்தை விற்றதற்காகக் கருப்பண்ணனைத் தள்ளி வைத்தார்கள். அப்போது ஊர்க்கவுண்டர் உன் சடையன் பெரியப்பா. மார்கழி மாதம், மிளகு பறிக்கிற காலம் நெருங்கிவிட்டது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரைக்கும் ஏறிப் பறிக்கக் கருப்பண்ணன் வீட்டு ஆட்களை விட்டால் வேறு ஆள் இல்லை. பழுத்த மிளகு சிவந்து சிவந்து கீழே கொட்டியது, ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அதைவிடப் பெரிய பிரச்சினை பெரியப்பாவின் வழுக்கை. பனி நேராக மண்டையில் இறங்கியது. குல்லா போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்காக ஒரு கூட்டம் கூடியது. குல்லா தலைப்பாகையில் சேருமா சேராதா என்று மத்தியானம் முழுக்க வாதம். சேரும், அதனால் போடக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. குடை மட்டும் தலையில் படுவதில்லை, அதனால் பிடிக்கலாம் என்றார்கள். மழையே இல்லாத மாதத்தில் குடை பிடித்துக்கொண்டு காதில் பஞ்சோடு அவர் திரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். கடைசியில் அவரே கருப்பண்ணன் இருந்த இடத்துக்குப் போய், "டேய் கருப்பா, மரத்துக்குப் பதிலா நாலு கன்னு நட்டுட்டு வந்து தொலைடா. எனக்குக் காது அடைச்சுப் போச்சு" என்றார். மறுநாள் அவன் எல்லைக்கு வந்தபோது, அவனை லாரியில் ஏற்றி வந்த ராசிபுரத்து டிரைவரும் சும்மா வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நின்றார். முறைப்படி அவருக்கும் தண்ணீர் கொடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த மனுஷன் ஒவ்வொரு நோம்பிக்கும் வந்தார், நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் நம்மவரா வெளியாளா என்று அப்புறம் யாரும் கேட்டதில்லை.

ஆகவே உன் கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். பேரரசனின் இரண்டாவது சட்டம் இப்போது இருக்கிறபடி உட்காரவில்லை. அவன் தலையிலிருந்து கிரீடத்தை இறக்கு. காற்றை அடைத்த கிரகம் மறுபடி மூச்சு விடுகிறவரைக்கும் அவன் அரியணையில் உட்காரக்கூடாது என்று ஒரு வரி சேர். அப்புறம் அவன் எத்தனை கிரகத்தை அடைக்கிறான் என்று பார்ப்போம்.

இனி நம் கதை. மெர்சியை நீ முதன்முதலில் கூட்டி வந்தது ஐப்பசியில். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறிவந்த பெண், பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, இங்கேர்ந்து கடல் தெரியுமா?" நாகப்பட்டினத்துப் பெண்ணுக்கு அது நியாயமான கேள்விதான். அவள் அப்பா கொடுத்தனுப்பிய கருவாட்டை அம்மா அன்றைக்கே குழம்பு வைத்தாள். நாமும் சந்தையில் கருவாடு வாங்குகிறவர்கள்தான், ஆனால் இது வேறு சரக்கு. வாசனை ஊரின் கடைசி வீடு வரைக்கும் போனது. உன் பொன்னுசாமி சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார். "ஏனுங்கண்ணா, இது நம்ம சந்தைக் கருவாடு மாதிரி இல்லீங்களே. யாரு வந்திருக்கிறாங்க?" என்றார். நீயும் மெர்சியும் வாயே திறக்கவில்லை, குழம்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வாசனையால் பேசுகிறவர்கள் என்று உன் கதையில் படித்தபோது அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் சென்னையில் பதிவுத் திருமணம் செய்தபோது நானும் அம்மாவும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். திரும்பி வந்த இரண்டாம் நாள் பொன்னுசாமி சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நல்லவர், உன் மேல் பாசம் உள்ளவர், அதையும் எழுதிவிடுகிறேன். "அண்ணா, கூட்டத்துல பேரெல்லாம் சொல்லோணுமுங்களா? காதும் காதும் வெச்ச மாதிரி உட்டுறலாமுங்க. பையன் மெட்ராஸ்ல இருக்கறான். நோம்பிக்கு வரப்போறதில்ல, பங்கு கேக்கப்போறதில்ல. நாமளும் அவன் பேச்சை எடுக்க வேண்டாம். ஆருக்கும் சங்கடமில்லீங்க" என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. உன்னைத் தள்ளி வைக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். மறந்துவிட்டால் போதும்.

எனக்கு ஒரு அத்தை இருந்தாள், உனக்குத் தெரியாது. என் அப்பாவின் தங்கை. துறையூர்ப் பக்கம் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். அவளையும் இப்படித்தான் இதமாக விட்டார்கள். யாரும் அவள் பேரைக் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லாததால் யாரும் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. நோம்பி வருஷாவருஷம் ஜாம்ஜாமென்று நடந்தது. அவள் வரவேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை, வராமலே போனாள். அவள் செத்துப்போன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகு, சந்தையில் யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. அப்பா அன்றைக்குச் சந்தையில் வாங்கிய கிழங்கை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதனால்தான் கூட்டத்தில் நான் எழுந்தேன். வேண்டாம் என்று சித்தப்பா கையைப் பிடித்தார். நான் உன் முழுப் பேரையும், நம் வீட்டுப் பேரையும் சொல்லி, தள்ளி வைத்திருக்கிறது என்று அறிவித்தேன். உனக்குப் பேர் வைத்த அன்றைக்கு அதே இடத்தில் நின்று அதே பேரைச் சொல்லி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தவன் நான். சொல்லி முடித்துத் தலைப்பாகையை அவிழ்த்து மடித்துக் கோயில் படியில் வைத்தேன். முதலில் புரிந்துகொண்டவர் பொன்னுசாமி சித்தப்பாதான். "ஏனுங்கண்ணா," என்றார், "அப்ப தை நோம்பி?"

"பையன் வந்தா நோம்பி" என்றேன்.

அன்றிலிருந்து உன்னை மறக்க ஊரில் ஒருவராலும் முடியவில்லை. மேளக்காரர் தினமும் வந்து நீ எப்போது வருகிறாய் என்று விசாரிக்கிறார். பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் என்னை முறைக்கிறார்கள். வெளியே பெண் எடுத்தது தப்பு என்று கூட்டத்தில் சத்தமாகப் பேசியவர்களே இப்போது, அந்தப் பிள்ளைக்கு வளைவில் தலை சுற்றாமல் இருக்க எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்கிறார்கள். சித்தப்பா உன்னை நேரில் கூட்டிவரச் சென்னைக்கே புறப்படுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தால் கதவைச் சாத்திவிடாதே, அவருக்கு அந்த ஊரில் வழி தெரியாது.

முன்பே உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அது நாமிருவரும் சேர்ந்து ஆடிய நாடகம் ஆகியிருக்கும், ஊர் அதை ஒத்துக்கொண்டிருக்காது. இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றும் நான் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவன் வீட்டுக்குள் நுழைய ஒரு பெண் எதற்காகக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மெர்சி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வரமாட்டேன் என்று அவள் சொன்னால் அதுவும் அவள் உரிமைதான், நான் வருத்தப்படுவேனே தவிர கோபப்படமாட்டேன். எல்லாச் சட்டத்தையும் மாற்றுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. இருக்கிற சட்டத்தில் எந்தப் பக்கம் கதவு இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். நீ எல்லைக் கல்லுக்கு வந்து நில். அவள் உன் பக்கத்தில் நிற்கட்டும், தள்ளி நிற்க வேண்டாம். மற்றதைச் சொம்பு பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், கண்ணு. மெர்சியையும்தான். ஊர் நோம்பி நடக்கிறதோ இல்லையோ, அது இரண்டாம் பட்சம்.

இதை எழுதி முடிக்கும்போது பனி வெளி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நிற்கிறாள். "ஏனுங்க, ஊட்டுக்குள்ளதானே இருக்கறீங்க, ஆரு பாக்கறாங்க, போட்டுக்கங்க" என்கிறாள். சடையன் அண்ணனைப் போல எனக்கும் முடி கொட்டிவிட்டது, நீ போன தடவை பார்த்ததைவிட இப்போது அதிகம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையன் வந்து கட்டுவான் என்று சொன்னேன்.